பிடி அரிசிக் கணக்கு

வாரம் ஒருமுறை தகர டப்பாவோடு
மேட்டுத்தெருவுக்கு ஏறுவது என் முறை.
உலை வைக்குமுன் ஆண்டவருக்கு ஒரு பிடி;
எங்கள் மிசோ மலையில்
அரிசிதான் முதலில் ஜெபிக்கும்.

ரின்மாவீ வீட்டில் மட்டும்
டப்பா சட்டென்று கனத்தது.
"என்ன, இவ்வளவு?"
"மூன்று பேருக்கு அளந்துவிடுகிறேன் அக்கா.
கை கேட்கமாட்டேன் என்கிறது.
அவன் பங்கை அப்படியே போட்டுவிட்டேன்."

கல்குவாரி சரிந்து பதினெட்டு நாள்.
மூன்று இரவு அவள் வீட்டுத் தரையில்
நெருக்கியடித்து உட்கார்ந்து பாடினோம்.
குவாங் முரசு மெதுவாக, மிக மெதுவாக,
ஒருவர் மூச்சு இன்னொருவர் மூச்சில் சாய்ந்து.
நாலாம் நாள்
பெஞ்சுகளைத் திருப்பி எடுத்துப்போனோம்.
அழுகையையும் அதோடு
எடுத்துப்போய்விட்டதாக நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கீபோர்டு.
திரையில் வரிகள்; 'களிகூருங்கள்' மூன்று முறை,
கைதட்டலுக்கு இடம் விட்டு.
ரின்மாவீயின் வாய் அசைந்தது.
மேடையிலிருந்து பார்த்தால்
பாடுகிறாள் என்றே தோன்றும்.
நான் பக்கத்தில் இருந்தேன்.

பிறகு மாதர் சங்க அறிக்கை. நான்தான் செயலாளர்.
"கீழ்த்தெரு, பதினோரு கிலோ.
மேட்டுத்தெரு, ஒன்பது.
ரின்மாவீ வீடு:
ஒரு பிடி. ஒரு மகனின் சாப்பாடு.
அழுகை அளக்கவில்லை,
நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை."

போதகர் ஸைரெமா கண்ணாடியைக் கழற்றினார்.
ஏதோ சொல்லப்போனார்,
துடைத்து மாட்டிக்கொண்டார்.
மூப்பர் ஒருவர் கடிகாரம் பார்த்தார்.
கீபோர்டுப் பையன்
விரலைத் தூக்கியது தூக்கியபடியே.

அவள் எழுந்தாள்.
"எங்கே போயிருந்தீர்?" என்றாள்.
போதகரிடம் இல்லை.
கூரையைப் பார்த்தும் இல்லை.
எதிரே ஆள் நிற்கும் உயரத்தில்
கண்ணை வைத்துக் கேட்டாள்.

பதில் வரவில்லை.
வந்ததாக யாராவது சாட்சி சொன்னால் நம்பாதீர்கள்.
சாங்கா மட்டும்
மூலையிலிருந்த குவாங்கின் உறையைக் கழற்றினான்.
ஓர் அடி.
நெடுநேரம் கழித்து இன்னொன்று.
இரண்டுக்கும் நடுவில்
நாங்கள் எல்லோரும் உட்கார இடம் இருந்தது.

ஆராதனை முடிந்து வழக்கம்போல் அரிசியை விற்றோம்.
தனியே முடிந்து வைத்திருந்த அந்தப் பங்கை
நான் வாங்கினேன்.
இன்னும் சமைக்கவில்லை.

நோட்டில் ஒரு கட்டம்
கூடுதலாகக் கோடு போட்டிருக்கிறேன்.
அடிமட்டம் கிடைக்கவில்லை,
கோணலாக இருக்கிறது.