ஸ்கெக்னஸ், நாலு நாள்

கடல் தெரியும் அறையென்றால்
ராத்திரிக்குப் பதினெட்டுப் பவுன் கூடுதல் என்றேன்.
சட்டெனக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள் ருக்காத்தா.
பவுண்டு, புள்ள. பவுண்டு.

ஆகஸ்டில் ஸ்வெட்டராம்.
மணலில் கழுதைச் சவாரியாம்.
"அதுக்குமாங்க காசு?"
காங்கயத்துக்காரி சிரித்த சிரிப்பில்
விசாப் படிவம் மடியிலிருந்து நழுவியது.

பயண நோக்கம் என்றொரு கட்டம்.
என்ன எழுத?

மூன்று வருசம் முன்பு
எழுத்தொன்று விட்டுப்போய்
அந்த ஊர்ப் பேரோடு திரும்பி வந்த
நாலாயிரம் பனியன்
காதர்பேட்டையில் கிலோக் கணக்கில் போனது.
இன்னமும்
போர்வெல் வண்டிக்காரர் போட்டிருக்கிறார்,
இளநீர் வெட்டுகிறவர் போட்டிருக்கிறார்,
ஒருநாள் ஊத்துக்குளி ரயில்வே கேட்டில்
ஒரு குடும்பமே.

சுற்றுலா என்றே எழுதினேன்.
ருக்காத்தா எட்டிப் பார்த்து
எழுத்தை எண்ணினாள்.