செக்குபந்தி

மேலூர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் சர்பத் கடைக்கும் நடுவில்
எட்டுக்குப் பத்து அறை.
மேசையில் ரெண்டு ஜிபி ராம் உள்ள லேப்டாப்.
முன்பெல்லாம் அது கண் விழிப்பதற்குள்
மூன்று டோக்கன் போயிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் துடைத்தேன்.
லினக்ஸ் போட்டேன். அதன்மேல்
ஐகான் இல்லாத, மெனு இல்லாத,
கீழே பட்டைகூட இல்லாத
ஒரு சன்னல் மேலாளர்.
மவுஸ் இப்போது டிராயரில்
ரேகை உருட்டும் மைப்பெட்டியோடு கிடக்கிறது.

மறுநாள் எழுத்தர் இருளப்பன் வந்து பார்த்தார்.
வெறும் கறுப்பு.
"கரண்ட் இல்லையாம்மா?"
இருக்கு சார்.
"பின்னே எல்லாம் எங்க?"
பத்து விரலையும் காட்டினேன்.

ஆல்ட், ஷிஃப்ட், எண்டர். ஒரு சன்னல்.
திரை முழுக்க அதற்கே.
இன்னொன்று கேட்டால் ரெண்டு பாதி.
மூன்றாவது வந்தால் வலது பாதி குறுக்கே பிளக்கும்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறாது,
ஒரு புள்ளிகூடப் புறம்போக்காக விழாது.
ஜே அடுத்ததற்கு, கே முந்தையதற்கு.
கவனம் எங்கே நிற்கிறதோ அதைச் சுற்றி மட்டும்
நூல் கனத்தில் ஓர் ஆரஞ்சு வரப்பு.
அந்த நிறத்தை நானே எழுதினேன்.
ஒரு கமாவை விட்டதற்காக
ராத்திரி பதினோரு மணிவரை கம்பைல் ஆகவில்லை.
கோபம் வரவில்லை எனக்கு.
தெற்கை வடக்கென்று அடித்துவிட்டு
ரெண்டு குடும்பத்தைக் கோர்ட்டுக்கு அனுப்புகிற தொழில் இது.

தமிழ்க் கொம்பு சில இடத்தில்
எழுத்தை விட்டு விலகி நிற்கும். அதுவும் பழகிவிட்டது.

போன வியாழன் ஒரு பாகப்பிரிவினை.
கீழவளவுப் பக்கம், பெரியாற்றுப் பாசனம்,
ஒரு ஏக்கர் எழுபத்தொரு சென்ட்.
அழகுராஜா, சோணைமுத்து, தங்கச்சி பாண்டிச்செல்வி.
வரைவை மூன்று சன்னலாக விரித்தேன்.
'அ' ஷெட்யூல் இடப்பக்கம்,
'ஆ' வலது மேலே, 'இ' வலது கீழே.
சோணைமுத்து எட்டிப் பார்த்தான்.
"அண்ணனுக்கு மட்டும் ஏன் இம்புட்டு அகலம்?"
ஒரு ஜே. ஆல்ட்டோடு ஓர் எண்டர்.
அவன் பங்கு இடப்பக்கம் பாய்ந்து பெருத்தது,
அண்ணனுடையது சுருங்கி மூலைக்குப் போனது.
"இப்பிடியே பதிஞ்சிருங்க!"
அண்ணனும் சிரித்தார்.
பத்து நிமிடம் அறையில் சண்டை இல்லை.

பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.
திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவள்,
கம்பெனி அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள்.

பேச்சு சர்பத் கடையில் முடிந்திருக்கிறது.
உள்ளே வந்து இருளப்பன் சொன்னார்:
"'இ' வேண்டாம். பாப்பா விட்டுக் குடுக்குது.
விடுதலைப் பத்திரமா போட்டுரு."
எவ்வளவுக்கு சார்?
"அன்பு பாசத்துக்கு."

ஜே. ஜே.
ஆரஞ்சு வரப்பு அவள் பங்கைச் சுற்றி வந்து நின்றது.
ஆல்ட், ஷிஃப்ட், சி.
நிச்சயமா என்று கேட்கிற வழக்கம் இதற்கு இல்லை.
அந்த இடம் ஒரு நொடிகூடக் காலியாக நிற்கவில்லை.
மேலே இருந்தது அடிவரை இறங்கி நிரப்பியது.
ரெண்டு சன்னல், நடுவே ஒரே கோடு.
மூன்றாவது ஒன்று இருந்ததாகத்
திரையைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் இதைப் போட்டேன்.
இடம் வீணாகக் கூடாது என்று.

செக்குபந்தியைத் திருத்த உட்கார்ந்தேன்.
'பாண்டிச்செல்வி பாகத்துக்கு வடக்கு' என்று
ஓரிடத்தில் இருந்தது.
'வாய்க்காலுக்கு வடக்கு' என்று மாற்றினேன்.

டோக்கன் முப்பத்தொன்று.
ரேகை வைக்க எதிரே போகும்முன்
மேசையருகே நின்றாள்.
"அக்கா, அந்த மூணாவது அழிஞ்சு போச்சா?"
இல்லம்மா. மூடினது சன்னல்தான். ஃபைல் இருக்கு.
"ஒரு காப்பி கிடைக்குமா?"
எதற்கென்று கேட்கவில்லை.
ஒரே வரிக் கட்டளை. பிரிண்டர் இருமியது.
ஐம்பத்தேழு சென்ட், கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு,
நான்கு திசையிலும் அவரவர் பெயர்.
எட்டாக மடித்து
அட்டை உறைக்குள் தன் படத்துக்குப் பின்னால் செருகினாள்.

அஞ்சு ரூபாய் நீட்டினாள்.
வாங்கிக்கொண்டேன்.