நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில்

பால் வெட்டுக்குப் போகிற நேரம் அது.
கோளாறும் அங்கேதான் என்றார்
திருவனந்தபுரத்து டாக்டர், படத்தை வெளிச்சத்தில் பிடித்து:
எல் நாலுக்கும் அஞ்சுக்கும் இடையில்
வட்டு பிதுங்கி நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

எத்தனை ஆழம் கீறுவீர்கள் என்று கேட்டேன்.
சிரித்தார்.
கத்தி ஒரு நூல் கூடுதலாய் இறங்கினால்
பட்டை முண்டு தட்டிப்போவதை
இருபத்திரண்டு வருஷமாய்ப் பார்க்கிறவன் நான்.
சிரிக்கவில்லை.

ஆறு வாரம் பார்ப்போம் என்றாள்
பனச்சமூட்டில் பிசியோதெரபி ஷைனி.
எண்ணுவது மலையாளம், அதட்டுவது தமிழ்.
மல்லாந்து படு. இடுப்பைத் தூக்கு.
பத்து எண்ணும்வரை இறக்காதே.
கூலி இல்லாத வேலை.
"பாலம் கட்டி முடிஞ்சாச்சா?"
சாயா கிளாசோடு தாண்டிப் போகிறாள் றெஜினா.

நாலாவது வாரம்
பெருவிரலில் கிடந்த மரப்பு
முட்டுக்கு ஏறிவிட்டது.
நல்லதுதான் என்கிறாள் ஷைனி.
ஏறுவது எப்படி நல்லதாகும்?
வந்த வழியே திரும்புகிறதாம்.

ஆப்பரேஷன் தேதி எழுதிய சீட்டு
சங்கீதத்துக்கும் நீதிமொழிக்கும் நடுவே இருக்கிறது.
கிழிக்கவில்லை.

வெளியே மழை, இன்று வெட்டில்லை.
தோட்டமெங்கும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடக்கும்.
நான் பாயில்,
இடுப்பு அந்தரத்தில்.
ஏழு. எட்டு.
ஒம்பது.