ஏழு நாற்பதுக்கு வெயில் வரும்

பாயான் லெப்பாஸில் இரவெல்லாம்
நுண்ணோக்கிக்குக் கீழே சில்லு பார்க்கிறேன்.
கீறல் இருந்தால் இடப்பக்கத் தட்டு,
இல்லையென்றால் வலப்பக்கம்.
வேலை முடிந்து வெளியே வந்தால்
கார் நிறுத்துமிடம்கூட அளவுக்கு மீறிப் பெரிது.
எதை எந்தத் தட்டில் போடுவதென்று
கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

அதனால் நேரே வீட்டுக்குப் போவதில்லை.
தண்ணீர்மலைக்குக் கீழே
பூந்தோட்டத்தை ஒட்டிய கால்வாய் ஓரம்
மோட்டாரை நிறுத்தி
ஈரப் புல்லில் முழங்கால் மடக்குகிறேன்.
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்த நாளும் உண்டு.

வலை நேற்றிருந்த இடத்தில் இல்லை.
ஒரு முழம் தள்ளி
உடைந்த சாலைக் கூம்புக்கும் லாலான் புல்லுக்கும் நடுவே.

லென்ஸ் நெருங்க நெருங்க
கூர்மை மயிரிழை அகலத்துக்கு ஒடுங்கும்.
மூச்சு விட்டால் படம் போச்சு.
இருதயம் அடித்தாலும் போச்சு,
அதற்கென்ன செய்ய?
இரண்டு அடிக்கு நடுவே அமுக்குகிறேன்.

பனி இழை முழுக்கப் பூசிக்கொண்டு வராது.
ஒரு பெரிய துளி, பக்கத்தில் மூன்று பொடி,
கொஞ்சம் வெறுமை,
மறுபடி ஒரு பெரிய துளி.
ஒவ்வொன்றிலும் மலை தலைகீழாக.
எண்ணியதில் நாற்பது மலை,
ஒரு காற்றுக்குத் தாங்காது.

வண்ணம் வேண்டாம் எனக்கு.
இந்த ஊர்ப் பச்சைக்கு வாய் மூடவே தெரியாது.
அதைக் கழித்தால்தான் தெரிகிறது
எது எதைத் தாங்குகிறது, எங்கே தொய்கிறது,
நேற்றிரவு எது கிழித்துக்கொண்டு தப்பியது.
அக்காவுக்கு ஒன்று அனுப்பினேன்.
"எக்ஸ்ரேயா? யாருக்கு உடம்புக்கு முடியல?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை எடுத்ததை
பகல் தூக்கம் வராமல் திரையில் விரித்தேன்.
நூறு விழுக்காடு. இருநூறு.
மூன்றாம் வளையத்துப் பெரிய துளியில்
மலையடிவாரம் மேலே இருக்க
அங்கிருந்து தொங்கும் ஒரு ஆள்.
தோளில் புல்வெட்டி,
முகக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி.
அடுத்த படத்திலும். அதற்கடுத்ததிலும்.
முப்பத்தோரு படம், பதினான்கு நிமிடம்.
அவர் அசையவேயில்லை.
சட்டை ஆரஞ்சாகத்தான் இருந்திருக்க வேண்டும்.
என் படத்தில் அதுவும் மலையும் ஒரே சாம்பல்.
வண்ணத்தில் எடுத்திருந்தால்
அன்றே கண்டிருப்பேன்.

மறுநாள் இரண்டு தே தாரிக் கட்டி வாங்கிப் போனேன்.
பெயர் மொஃபிசுல், ஊர் பரிசால்.
கைப்பேசியை அவரிடம் நீட்டினேன்.
தலைகீழாகத் திருப்பித் தன்னைக் கண்டுபிடித்தார்,
சிரித்தார்.
எனக்காக நின்றதற்கு நன்றி என்றேன்.
உங்களுக்காக இல்லை, என்றார் மலாயில்.
அது நடுவில் உட்கார்ந்திருந்தது,
ஒதுங்கட்டும் என்று நின்றேன்.

நடுவிலா?
என் முப்பத்தோரு படத்தில் சிலந்தி இல்லை.
துளிகளை மட்டுமே துரத்தியிருக்கிறேன்.

அவர் விரல் காட்டிய இடத்தில்
கூம்பின் விளிம்புக்கு அடியில்
ஒற்றை இழைமேல் ஒரு காலை வைத்தபடி
அது இருந்தது.
நாங்கள் பேசியது எவ்வளவு அதிர்ந்ததோ.

ஏழு நாற்பது.
துளிகள் போயின.
வலை அங்கே இருக்கிறதென்று
இப்போது யாரிடமும் நிரூபிக்க முடியாது.
மொஃபிசுல் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினார்.
கூம்பைச் சுற்றி ஒரு முழம் விட்டு
மற்றதையெல்லாம் வெட்டிக்கொண்டு போனார்.