நீடாமங்கலம் கேட், 4.40

கேட் விழுந்துவிட்டது.
ஓட்டுநர் எஞ்சினை அணைத்ததும் சுண்டல்காரர் ஏறினார்.
நான் பையிலிருந்து மூன்று புத்தகங்களை எடுத்தேன்.
நாளை பத்து மணிக்குள் சொல்லியாக வேண்டும்,
மாடலிங் பாடத்துக்கு எது, முப்பது பிரதி.

முதலாவது எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
குறியீடுகள் அத்தனையும் இருக்கின்றன,
எதற்கு வரைகிறோம் என்பது மட்டும் இல்லை.
மடியில் வைத்தால் கால் மரத்துப்போகிறது.

இரண்டாவது ஏ.டி.எம்மில் தொடங்குகிறது.
எல்லாம் ஏ.டி.எம்மில்தான் தொடங்குகின்றன.
அந்த எந்திரத்தில் பணம் தீர்வதே இல்லை;
எங்கள் கடைத்தெருவில்
தீர்ந்துபோவதுதான் அதன் முதல் நிலை.

மூன்றாவது ஒல்லி. அட்டை அசிங்கம்.
பதினெட்டாம் பக்கத்தில்
தாய் வகுப்பிலிருந்து சேய்க்கு ஓர் அம்பு.
தப்பு என்று கத்தவிருந்தேன்.
திருப்பினால், எழுதியவரே குறுக்கே கோடு இழுத்து
"நானும் முதலில் இப்படித்தான் போட்டேன்,
சேய்தான் தாயைக் காட்ட வேண்டும்" என்கிறார்.

போன வருஷம் ஜெசிமா இதில்தான் சிக்கினாள்.
மூணாறு தலைப்புல வெண்ணாறு மூணாப் பிரியுதே மேடம்,
தண்ணி கீழதானே போவுது, அம்பு ஏன் மேல?
கோரையாற்றுக்கு வெண்ணாறு இல்லாமல் முடியாது,
வெண்ணாற்றுக்கு அதைத் தெரியாவிட்டாலும் ஓடும்
என்று சொல்லியிருக்கலாம்.
தேர்வுக்கு அப்படியே போடு என்றேன்.
உறுத்துகிறது.

நூலகருக்குச் செய்தி அனுப்பினேன்: ஒல்லி.

ரயில் போய்விட்டது. கேட் எழவில்லை.
எஞ்சினை மாற்றிக் கோர்க்கிறார்களாம்.
கடைசி வெற்றுத்தாளில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன்:
திறந்தது. மூடியது.
மூன்றாவது பெட்டிக்கு என்ன பெயர்?
சுண்டல்காரரைக் கேட்டேன்.
"ரயில் போயாச்சு, ஆனா இன்னும் போவலை."
அப்படியே எழுதினேன்.
பெட்டியில் இடம் போதவில்லை.