ஐந்நூற்றுப் பன்னிரண்டு பைட்

வெல்லம்பிட்டிப் பாலத்தடியில்
நீர்மட்டம் பார்க்கும் பெட்டி
எழும்புகிறது, விழுகிறது,
திரும்ப எழும்புகிறது.
ஷெட்யூலர் தொடங்குமுன்னே செத்துப்போகிறது.

தெமட்டகொடை, மூன்றாம் மாடி, ராத்திரி பத்தரை.
தொடக்க ஸ்டாக் முழுக்க
ஏ5 ஏ5 ஏ5 என்று பூசிவிட்டுக் கரண்ட் கொடுத்தேன்.
பூச்சு எதுவரை அழிந்ததோ அதுவரை வெள்ளம்.
எங்கள் வீட்டுச் சுவரிலும் இப்படித்தான் பார்த்தோம்:
சுவிட்சுக்கு மேலே நாலு விரல்.

ஒரு ஏ5கூட மிச்சமில்லை.
ஸ்டாக் கீழ்நோக்கி வளரும்;
கீழே கிடந்தவை
ஆற்றை அளக்க வைத்திருந்த எண்கள்.

குற்றவாளி ஒரு வரவேற்பு.
மூன்று மொழியிலும் ஒவ்வொரு வரி.
இங்கிலீசுக்கு எழுத்துக்கு ஒரு பைட்,
ஆயுபோவனுக்கு இருபத்துநாலு,
வணக்கத்துக்கு இருபத்தொன்று.
மெய்யின் புள்ளிகூட
மூன்று பைட் வாடகை கட்டுகிறது.

"நுஸ்ரா, தமிழ் வரியை எடுத்தால் பூட் ஆகும்"
என்றான் தனுக சிங்களத்தில்,
கொத்துப் பார்சலைப் பிரித்தபடி,
கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல்.
எடுத்துப் பார்த்தேன்.
ஆனது.

திரும்ப வைத்தேன்.
512ஐ அழித்து 1024 என்றெழுதினேன்.

"மெமரி வீண்தானே?"
இல்லை. ஷெட்யூலர் எழும்பினால்
மெயின் திரும்பி வராது.
அது நின்ற இடத்தில்
இன்டரப்டுகள் வந்து வந்து போகும்.

பூச்சில் இப்போது நூற்றெட்டு பைட் மிச்சம்.
பாலத்தடியில் வாசிக்க ஆளில்லை.
வயரின் அந்தப் பக்கம் எதுவும் மாட்டியிருக்கவில்லை.
பெட்டி மூன்று தரம் வரவேற்றுவிட்டு
வேலைக்குப் போகிறது:
ஒன்று தசம் நாலு மீற்றர்.
ஒன்று தசம் நாலு.
ஒன்று தசம் ஐந்து.