எழுபத்தெட்டில் தொடங்குவது

புணானை கழிந்தால் வீதி நேராகும்.
அங்கேதான் வரும்.
ஊசி எழுபத்தெட்டைத் தொட்டதும்
ஸ்டியரிங் வளையத்தில் மெல்லிய குளிர்க்காய்ச்சல்.
எண்பத்தைந்தில், கண்ணாடிக்குள் பின்னால் வரும் லொறி
இரண்டு லொறியாகும்.
தொண்ணூற்றைந்து தாண்டினால் ஒன்றுமில்லை,
நானா நடுங்கினேன் என்பதுபோல் கார் போகும்.

லோவர் ஆம் இரண்டு, புஷ் நாலு, முன் சொக் ஒரு சோடி
மாற்றிப் பதினொரு நாள்.
அதற்கு முன்னம் குழிக்குக் குழி கடகடத்தது,
நடுங்கவில்லை.
போனில் சொன்னேன், சொல்லக்கூடாததையும் சொன்னேன்:
பழைய சாமானைக் கழுவிப் போட்டீரோ?

அஸ்மீர் கோபிக்கவில்லை.
"சட்டம் எழுவது. சட்டப்படி ஒங்களுக்கு வருத்தமே இல்ல."
பிறகு ஓட்டமாவடியில் ஏறி
பக்கத்து இருக்கையில் சாரத்தை ஒதுக்கி இருந்து
தண்ணிப் போத்தலைத் தொடையிடுக்கில் நிறுத்தி
அதற்குள் எழும்பும் வட்டங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.
பிறேக்கை மெல்ல மிதிக்கச் சொன்னான்: கூடவில்லை.
நியூட்ரலில் விடச் சொன்னான்: குறையவில்லை.
"டிஸ்க்கும் இல்ல, இஞ்சினும் இல்ல. சில்லுதான்."

கழற்றி இயந்திரத்தில் ஏற்றினால்
சிவப்பு எழுத்தில் பூச்சியம்.
நாலுக்கும் பூச்சியம்.
முன் சில்லுகளைப் பின்னுக்குப் போட்டான்.
என் கையில் ஸ்டியரிங் அடங்கிற்று.
பின்சீட்டிலிருந்து லோஜினி சொன்னாள்,
"இப்ப எனக்கு வந்திட்டு."

பின்னேரம் நாலரை.
கராஜ் மேசையில் அவனுக்குப் பிளேன்டீ.
கிளாஸ் வழுக்காமலிருக்க
அடியில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வளையம், காப்பளவு.
எடுக்கப்போன கை நடுவில் நின்றது.

றிம்மின் ஓட்டைக்கும் ஹப்பின் கழுத்துக்கும் இடையில்
இருக்கவேண்டியது அது.
இல்லாவிட்டால் நட்டெல்லாம் இறுகியபடியே
சில்லு ஒரு நூல் விலகி நிற்கும்.
இயந்திரம் தன் கூம்பில் நடுப்பிடித்துப் பார்க்கிறது;
அதற்கு எல்லாம் சரி.

பதினொரு நாளாய் அதன்மேல் டீ வைத்தது யாரென்று
அவனும் பொடியனும் பார்த்துக்கொள்ளவில்லை.
நான் என் போனைப் பார்க்கவில்லை.
வளையத்தைச் சாரத்தில் துடைத்து,
கிளாஸை வெறும் மேசையில் வைத்து,
"சீனி காணுமா?" என்று என்னைக் கேட்டான்.
எனக்கு இன்னும் டீ தரவேயில்லை.

இருட்டுமுன் வெலிக்கந்தைப் பக்கம் ஒரு ஓட்டம்.
எண்பது. எண்பத்தெட்டு.
போத்தலுக்குள் தண்ணி தட்டை.
லோஜினி வாய் திறந்து நித்திரை.
இந்த அமைதியில்தான் கேட்கிறது
இடது கதவுக்குள் ஏதோவொரு திருகாணி,
பாலத்துக்கு ஒரு தரம்.